இரட்டைக் கணப்பு

அத்தியாயம் 7

போலீஸ் வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆற்றுப் பாலத்தில் பனி இடுப்பளவுக்குக் கிடந்தது. அதை வாரித் தள்ளினால்தான் வண்டி இந்தக் கரைக்கு வர முடியும். வந்தால் ஷிகே அதில் ஏற வேண்டும்.

ஷிகே நடுக்கூடத்துப் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் கயிறு. அவளுடைய ஐந்து வயது மகள் மிவா, கயிறு எதற்கு என்று ஒரு தடவை கேட்டாள். ஷிகே கைகளை மடிக்குள் மறைத்தாள். மிவா நெருங்கி வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் இடுப்புப் பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மாமனாரைக் கரிப்புகையால் கொல்ல முயன்றாள் என்பது குற்றச்சாட்டு.

கனசாவாவில் பட்டுக்குச் சாயம் தோய்க்கும் தகெபே குடும்பத்தின் பெரியவர் இனோசுகே, எழுபது வயது. காலையில் தன் அறையில் நினைவில்லாமல் கிடந்தார். படுக்கையை ஒட்டிப் பீங்கான் கணப்பு. அது நிறையக் கரி. ஜன்னல் இடுக்குகளில் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. பனிக்காலத்தில் எல்லா வீட்டிலும் ஒட்டுவதுதான். ஆனால் காற்றுக்காக எப்போதும் திறந்திருக்கும் மேல்பலகையும் மூடியிருந்தது. இப்போது பின்னறையில் டாக்டர் அவருக்கு மூச்சைத் திருப்பிக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தார்.

வேலைக்காரி ஒநுயி பனியில் விழுந்து எழுந்து ஓடிப்போய்த் துப்பறியும் தோயோவை அழைத்து வந்திருந்தாள். தோயோவுக்கு நாற்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, பேச்சு அதைவிட மெலிவு. அவளுக்கும் சேர்த்து உதவியாளன் கன்பெய் பேசுவான். துப்பறிய வருவதற்கு முன்னால் அவன் வீடு வீடாகப் போய்ச் சாம்பல் வாங்கி, சாயப் பட்டறைகளுக்கும் வயல்காரர்களுக்கும் விற்றவன்.

"நேத்து ராத்திரி நடந்ததை இன்னொரு தடவை சொல்லு ஷிகே" என்றாள் தோயோ.

ஷிகே சொன்னாள். எட்டு மணிக்கு மூன்று கரித்துண்டுகளைத் தணலாக்கி மாமனாரின் கணப்பில் வைத்து, சாம்பலால் மூடினாள். மூடிய தணல் விடியும்வரை மெல்லக் கனியும், புகையாது. மேல்பலகையைத் திறந்து வைத்தாள். பிறகு மகளையும் ஒநுயியையும் கூட்டிக்கொண்டு பொதுக் குளியலுக்குப் போனாள். பத்து மணிக்குத் திரும்பியபோது பெரியவரின் அறையில் விளக்கில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். வீட்டுக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தால் ஏதாவது தடயம் இருக்குமே.

"கேட்டீங்களா? யாரும் வரலையாம். அவளே சொல்றா." இன்ஸ்பெக்டர் தோகாஷி கட்டை விரலால் புகைக்குழாயில் புகையிலையை அமுக்கினார். "கரி வெச்சவ அவ. இடுக்கெல்லாம் ஒட்டினவ அவ. போன வாரம் பெரியவர் பேத்தி பேருக்கு வாரிசு எழுதிப் பதிவும் பண்ணிட்டார். அவர் போயிட்டா வீட்டுச் சாவி யார் இடுப்புல தொங்கும்? இதுல துப்பறிய என்ன இருக்கு, தோயோம்மா?"

"ஷிகே ஜெயிலுக்குப் போனா சாவி யார் இடுப்புக்குப் போகும்?"

இன்ஸ்பெக்டர் பதில் சொல்வதற்குள், எதிர்ப்பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். பெரியவரின் இளைய மகன் எய்ஜிரோ. தொயாமாவில் தையல் மிஷின் விற்கிறவன். அழுது சிவந்த கண்கள்.

"எனக்குத்தான் வரும். அண்ணன் செத்துட்டான், மிவாவுக்குச் சித்தப்பா நான் ஒருத்தன்தானே. கேட்கணும்னா நேராவே கேளுங்க" என்றான். "காலை முதல் ரயில்ல வந்தேன். அப்பாவைப் பார்த்துப் பத்து வருஷம் ஆச்சு. கதவைத் திறந்தா இந்தக் கோலம்."

ஏழு மணிக்கு அவன் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததை டிக்கெட் பரிசோதகர் பார்த்திருக்கிறார் என்று இன்ஸ்பெக்டர் சேர்த்துக்கொண்டார். ஏழரைக்குக் கதவைத் தள்ளித் திறந்து அப்பாவை வெளியே இழுத்துப் போட்டவனே எய்ஜிரோதான். அவன் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் டாக்டருக்கு வேலையே இருந்திருக்காது.

எய்ஜிரோ பையைத் திறந்து ஒரு கயிற்றை வெளியே எடுத்தான். அதில் கோத்துக் காயவைத்த காகிப் பழங்கள், மேலே வெள்ளைச் சர்க்கரை பூத்து. அப்பாவுக்குப் பிடிக்குமே என்று வாங்கி வந்தானாம். இனி யார் தின்றால் என்ன என்று கயிற்றோடு இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தான். இன்ஸ்பெக்டர் கை நீட்டவில்லை. கன்பெய் நீட்டினான்.

"கன்பெய்" என்றாள் தோயோ.

"துக்க வீட்டுல குடுக்கறதை மறுக்கக் கூடாதுக்கா." ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டபடியே அவள் பின்னால் எழுந்தான்.

பெரியவரின் அறை எட்டுப் பாய் விரிக்கும் அளவு. நடுவில், படுக்கையை ஒட்டிக் கணப்பு இருந்தது. தவலை அளவு பழைய பீங்கான். வெள்ளையில் நீலக் கொக்குகள். நூறு வயதாவது இருக்கும். முக்காலியின் மேல் இரும்புக் கெண்டி. சாம்பலில் பாதி எரிந்த கரி நெருக்கமாக நட்டு நின்றது.

கன்பெய் குந்தி உட்கார்ந்து இரும்புக் குச்சிகளால் எண்ணினான். "பதினொண்ணு. அந்தப் பொண்ணு மூணுங்கறா. மூணு எப்பக்கா பதினொண்ணாச்சு? கரி குட்டி போடுமா?"

"வேற யாரோ போட்டிருக்காங்க. இல்ல, அவ பொய் சொல்றா."

"அவ மூஞ்சியைப் பார்த்தா பொய் சொல்ல வராதுக்கா. என் மூஞ்சியைப் பாருங்க, அதுக்குன்னே செஞ்சது."

தலைமாட்டில் பெரியவரின் புகைக்குழாய் கிடந்தது. பித்தளைக் கிண்ணம் ஒரு பக்கம் நசுங்கித் தேய்ந்திருந்தது. தோயோ அதைக் கையில் எடுத்தாள், பார்த்தாள், கீழே வைத்தாள். பிறகு கணப்பின் வாய் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஏதோ இடறியது. என்னவென்று பிடிபடவில்லை.

கதவருகே ஒநுயி நின்றிருந்தாள். தோயோ அவளிடம் இந்தக் கணப்புக்கு ஜோடி உண்டா என்று கேட்டாள். இந்த மாதிரி நல்ல பீங்கானை யாரும் ஒற்றையாக வாங்க மாட்டார்களே.

உண்டு என்றாள் ஒநுயி. இன்னொன்று முன்கூடத்தில் இருக்கிறது. வீட்டு ஆட்கள் எல்லோரும் பெரியவரின் கணப்பையே சுற்றி உட்காருவார்கள். விருந்தாளி வந்தால்தான் ஜோடியை எடுத்து விருந்தாளி முன்னால் தனியாக வைப்பார்கள். இந்தக் குளிர்காலத்தில் அதை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

தோயோ முன்கூடத்துக்கு விரைந்தாள். நேற்றிரவு யாராவது வந்திருந்தால் இரண்டாவது கணப்பில் சூடு இருக்கும். சாம்பல் லேசில் ஆறாது. அவள் பின்னாலேயே இன்ஸ்பெக்டரும் ஷிகேயைக் கயிற்றோடு அழைத்துக்கொண்டு வந்தார். எய்ஜிரோவும் வந்தான்.

ஜோடிக் கணப்பு சுவரோரமாக இருந்தது. அதே கொக்குகள், அதே அளவு. உள்ளே சாம்பல், வாரியால் வாரி அலை அலையாகக் கோடு போட்டிருந்தது. ஓர் அலைகூடக் கலையவில்லை.

"இது நீ போட்ட கோலமா?"

ஷிகே குனிந்து பார்த்தாள். "நான் வாரற மாதிரிதான் இருக்கு. செத்துப்போன மாமியார் சொல்லிக் குடுத்தது. பதினஞ்சு நாள் முன்னாடி வாரி வெச்சேன்."

தோயோ அலை கலையாமல் ஓரத்தில் இரண்டு விரலை நுழைத்தாள். வெளியே கிடந்த பனிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "பதினஞ்சு நாள் சாம்பல், தோயோம்மா. உங்க விருந்தாளி இதுல குளிர் காயலை" என்றார் மென்மையாக.

தூரத்தில் பாலத்துப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. பனி வாரி முடித்துவிட்டார்கள். காவலர் உள்ளே வந்து, வண்டி கிளம்பிவிட்டது என்றார். மிவா அம்மாவின் இடுப்புப் பட்டையை இன்னும் விடவில்லை. ஒநுயி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். பிரித்த விரல் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது.

"பாப்பாவை நான் பார்த்துக்கறேன் அண்ணி" என்றான் எய்ஜிரோ. "நீங்க கவலைப்படாதீங்க."

இன்ஸ்பெக்டர் நடுக்கூடத்துக்குத் திரும்பினார். அங்கிருந்த சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில், புகைத்து முடித்த குழாயைக் கவிழ்த்துத் தட்டினார்.

டக்.

தோயோ அப்படியே நின்றாள்.

"அக்கா?" என்றான் கன்பெய்.

"உன் தாத்தா குழாய் பிடிச்சாரா?"

"பிடிச்சாரே. எங்க வீட்டுக் கணப்பு விளிம்பு கிழவி ஈறு மாதிரி இருக்கும். நாப்பது வருஷம் ஒரே இடத்துல தட்டினா பீங்கான் என்ன பண்ணும்?" சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடினான். பெரியவர் அறைக் கணப்பின் வழவழப்பு அவனுக்கும் நினைவு வந்துவிட்டது.

இருவரும் முன்கூடத்துக்கு ஓடினார்கள். கன்பெய் சுவரோரக் கணப்பைக் கட்டிப் பிடித்துத் திருப்பினான். சுவரைப் பார்த்திருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது.

"இது பெரியவரோட கணப்பு" என்றாள் தோயோ. "அவர் அறையில இருக்கறதுதான் விருந்தாளிக் கணப்பு. ராத்திரி ரெண்டும் இடம் மாறியிருக்கு."

ஷிகே வந்து பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் ஏறியது. "ஆமா, இது மாமாவோடது. தினமும் துடைக்கறேன், எனக்குத் தெரியாதா? காலையில அந்த அமளியில நான் உள்ளயே போகலை. என்னைப் பார்க்கவே விடலை."

இன்ஸ்பெக்டரின் நெற்றி சுருங்கியது. பெரியவரின் கணப்பு என்றால் நேற்று எட்டு மணிக்கு அதில் தணல் இருந்திருக்க வேண்டும். ஆனால் சில்லிட்டுக் கிடக்கிறதே என்று கேட்டார்.

"அதை என்கிட்ட கேளுங்க ஐயா" என்றான் கன்பெய். "நான் சாம்பல் வாங்கின காலத்துல ஒரு வீட்டுல மேல தொட்டுப் பார்த்துட்டு ஜில்லுனு இருக்குன்னு கோணியில கொட்டினேன். நாலு தெரு தள்ளிப் போறதுக்குள்ள கோணி, வண்டி, என் பின்பக்கம் மூணும் எரிஞ்சுது. மேல் சாம்பல் எப்பவும் பொய் சொல்லும். அடிச் சாம்பலைக் கேட்கணும்."

தோயோ கையை மடித்துவிட்டுக்கொண்டு, அலைகளின் நடுவே முழங்கை வரை இறக்கினாள். கோலம் சரிந்து குழியானது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"ஐயா, கையை வெச்சுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் கையை விட்டார். எடுக்கவில்லை. அப்படியே சிறிது நேரம் இருந்தார். "கதகதப்பா இருக்கு" என்றார் கடைசியில்.

"ராத்திரி இவங்க குளிக்கப் போயிருந்தப்போ ஒருத்தர் வந்திருக்கார். ஜோடியைத் தூக்கிட்டுப் போய்ப் பத்தவெச்சு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்காங்க. பெரியவர் கண் அசந்ததும் வந்தவர் அவரோட கணப்புத் தணலையும் அள்ளித் தன்னோடதுல போட்டு, மேல கரியை அடுக்கி, அதைப் படுக்கைகிட்ட தள்ளிட்டார். மேல்பலகையை மூடினார். காலியானதைக் கொண்டுவந்து இங்க வெச்சு, மேல சாம்பலை வாரிக் கோலம் போட்டார். இருட்டுல ரெண்டும் ஒரே கொக்கு. விளிம்பைத் தடவிப் பார்க்கணும்னு தோணலை. தினமும் துடைக்கறவங்க இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க."

"யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தோயோவின் கை இன்னும் சாம்பலுக்குள்தான் இருந்தது. அது ஓரமாகத் துழாவிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றது. வெளியே எடுத்து விரித்தபோது உள்ளங்கையில் தட்டையான ஐந்து கொட்டைகள், வறுபட்டுக் கறுத்து இருந்தன.

ஷிகேயின் வாயிலிருந்து பழைய சண்டையின் குரல் தானாக வந்தது. "மறுபடியுமா? சாம்பல்ல துப்பாதீங்க, வீடெல்லாம் தீயற நாத்தம்னு எத்தனை தடவை சொல்றது? எனக்குத் தெரியக் கூடாதுன்னு மாமா குச்சியால அமுக்கிப் புதைப்பார்..." சட்டென்று நிறுத்தினாள். "ஆனா காகிப் பழம் ஏது? வயித்துக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லி, இந்த வருஷம் ஒரு பழம்கூட நான் வாங்கலையே. சாம்பலைக்கூட இலையுதிர்காலத்துலதான் சலிச்சுப் புதுசா நிரப்பினேன்."

"கன்பெய், தொயாமாவுல பழம் எப்படி விக்கறாங்க?"

"கயித்துக்குப் பத்து. அதைத்தான்க்கா அப்போதே சொல்லலாம்னு இருந்தேன், வாய்ல பழம் இருந்துது." கன்பெய் எய்ஜிரோவைப் பார்த்தான். "நான் ஒண்ணு பிய்ச்சேன். மிச்சம் ஏழு. நடுவுல ரெண்டு முடிச்சு வெறுமனே தொங்குது. வாங்கிட்டு வந்த பழத்துல ரெண்டை ரயில்லயே தின்னுட்டாரோன்னு நெனச்சேன். திங்கற ஆள் மூஞ்சி எனக்குத் தெரியும். இவர் மூஞ்சி அது இல்லை."

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ராத்திரி வண்டியில வந்து, இங்க வேலையை முடிச்சுட்டுப் பனி பெய்யும்போதே திரும்பிப் போய் ஸ்டேஷன்ல படுத்திருந்து, காலை ரயில் கூட்டத்தோட வெளியே வந்திருக்கீங்க" என்றாள் தோயோ. "பெரியவர் செத்திருப்பார்னு நெனச்சுத்தான் கதவைத் திறந்தீங்க. இந்த அலைக் கோலத்தை உங்கம்மா மருமகளுக்கு மட்டுமா காட்டினாங்க? அவங்க மடியில உட்கார்ந்து பார்த்த ஆள் நீங்க."

எய்ஜிரோ மறுக்கப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் கலைந்த அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெஞ்சிக் கேட்கத்தான் வந்தேன்" என்றான். "வாரிசு எழுதினதைப் பத்திகூட இல்லை. வீட்டுக்குத் திரும்ப வரலாமான்னு கேட்க. எங்க வீட்டுல ஒரே கணப்பைச் சுத்திதான் உட்காருவோம். அப்பா, அம்மா, அண்ணன், நான். முழங்கால் முழங்காலோட இடிக்கும். நேத்து நான் போய் உட்கார்ந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, 'முன்கூடத்துல இருக்கறதை எடுத்துட்டு வந்து உன் முன்னால வெச்சுக்கோ.'" அவன் கணப்பு விளிம்பைத் தொட்டான். "விருந்தாளிக்கு வைக்கறதை. பெத்த பிள்ளைக்கு. அப்புறம் பேச என்ன இருக்கு? பழத்தைக் குடுத்தேன். தின்னார். தூங்கிட்டார்."

இன்ஸ்பெக்டர் ஷிகேயின் கயிற்றைத் தானே அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர்; இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். கயிறு விழுந்ததும் மிவா அம்மாவின் மணிக்கட்டிலிருந்த தடத்தைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். அதே கயிறு எய்ஜிரோவின் கைகளுக்குப் போனது. அவன் கைகளைத் தானாகவே நீட்டினான்.

அப்போது பின்னறையிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். பெரியவர் கண்ணைத் திறந்துவிட்டார். ஷிகேயைக் கூப்பிடுகிறார்.

ஷிகே உள்ளே ஓடினாள். தோயோ கதவோரத்தில் நின்றாள். பெரியவரின் முகம் சாம்பல் பூத்திருந்தது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"திட்டாதே... ரெண்டே ரெண்டு பழம்தான் தின்னேன்."

"பரவாயில்லை மாமா. பேசாதீங்க."

"அவன் எங்கே? எய்ஜிரோ?" கண்கள் அறையைத் தேடின. "பனியில நடந்தே வந்திருக்கான். கை ரெண்டும் நீலம் பாரிச்சுப் போச்சு, குச்சியைக்கூடப் பிடிக்க முடியலை. என் கணப்பு ஒண்ணு எங்க ரெண்டு பேருக்கும் பத்தாது. அதான் இன்னொண்ணையும் எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கோன்னேன். நிறையக் கரி போடுடான்னேன்..." மூச்சு வாங்கியது. "அவனுக்குக் குளிர் விட்டுச்சா?"

காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் எய்ஜிரோ நின்றிருந்தான். காகிதம் எந்தச் சொல்லையும் தடுக்கவில்லை. கட்டிய கைகளைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

உள்ளே ஷிகே மாமனாரின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"விட்டுடுச்சு மாமா" என்றாள்.